டோல்கேட் தாண்டி காத்திவாக்கம்

உலகப் பொருளாதாரத்தைத் தெரிந்துகொள்ள பாஸ்போர்ட், விசா எதுவும் வேண்டாம். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறுங்கள். கடைசியில் விம்கோ நகரில் இறங்குங்கள். பக்கத்திலேயே ரயில்வே ஸ்டேஷன். கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்தால் அடுத்த ஸ்டேஷன் காத்திவாக்கம். டிக்கெட் செலவு, நடுவில் ஒரு டீ, இரண்டு மசால்வடை சேர்த்தாலும் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஹார்வர்டில் இதே பாடத்துக்கு லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2025 ஆகஸ்ட் மாதம் முழுக்க நம்மூர் டீக்கடைகளில் அடிபட்ட ஒரே வார்த்தை 'டாரிஃப்'. அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், இந்தியச் சரக்குகளுக்கு ஆகஸ்ட் 7-ல் 25 சதவிகிதம் வரி போட்டார். ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குகிறோம் என்பதற்காக ஆகஸ்ட் 27-ல் மேலே இன்னொரு 25. ஆக மொத்தம் 50. திருப்பூரில் பனியன்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். இறால் ஏற்றுமதிக்காரர்கள் ஐஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். (அதற்கப்புறம் எத்தனை என்று என்னைக் கேட்காதீர்கள். அமெரிக்க வரி தக்காளி விலை மாதிரி. அன்றன்றைக்குப் பேப்பர் பார்த்துக்கொள்வது உத்தமம்.)

"அவன் ஏன் சார் இப்படிப் பண்றான்?" என்று சலூனில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. வட சென்னைக்காரர்களுக்கு இதற்கு முந்நூறு வருஷமாகப் பதில் தெரியும். ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாம்தான் செல்போனைப் பார்த்துக்கொண்டு கோட்டை விடுகிறோம்.

வாருங்கள், ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போவோம். அதற்கு முன்னால் ஒரு சுயதம்பட்டம். அடியேன் பி.காம். கல்லூரியில் முதல் நாள் வாத்தியார் சொன்ன ஒரே மந்திரம்: 'ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு.' ஒருத்தன் பாக்கெட்டுக்குள் காசு வந்தால் இன்னொருத்தன் பாக்கெட்டிலிருந்து போயிருக்க வேண்டும். இந்தப் பயணம் பூராவும் அந்த மந்திரத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

★ ★ ★

யாருடைய காலடி?

புது வண்ணாரப்பேட்டை தாண்டினதும் வருகிற ஸ்டேஷனின் பெயர் டோல்கேட். சுங்கச் சாவடி! வரியைப் பற்றிய பயணத்துக்கு இதைவிட நல்ல சகுனம் உண்டா?

அடுத்தது காலடிப்பேட்டை. எந்த மகான் காலடி பட்டது என்று யோசிக்காதீர்கள். 1717 முதல் 1720 வரை சென்னைப்பட்டணத்துக்குக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் துரை, நெசவாளர்களுக்கும் துணியில் சித்திரம் எழுதுகிறவர்களுக்கும் என்று அமைத்த குடியிருப்பு. காலெட்பேட்டை. நம் ஜனங்கள் வாயில் அது காலடிப்பேட்டை ஆனது. துரையின் பேரை நாம் காலடியில் போட்டது சரித்திரத்தின் சின்னக் குறும்பு.

எதற்காக நெசவாளர் குடியிருப்பு? இந்தப் பக்கத்துப் பருத்தித் துணிக்கு லண்டனில் அப்படி ஒரு கிராக்கி. லேசான துணி, வெளுத்தால் போகாத சாயம், பூப்போட்ட சித்திரம். பணக்காரச் சீமாட்டியிலிருந்து வீட்டு வேலைக்காரி வரை எல்லோருக்கும் மெட்ராஸ் துணி வேண்டும்.

லண்டன் பட்டு, கம்பளி நெசவாளர்களுக்கு வயிறு எரிந்தது. காலெட் துரை இங்கே கவர்னராக இருந்த அதே 1719-ல் அங்கே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்ற பேட்டையின் நெசவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். பருத்தி உடுத்தி வந்த பெண்களைத் துரத்தித் துரத்தி மேலே மை தெளித்தார்கள். உடுப்பைக் கிழித்தார்கள். பார்லிமெண்ட் பயந்துபோய் 1721-ல் சட்டம் போட்டது: அச்சடித்த பருத்தித் துணியை இங்கிலாந்தில் உடுத்தக் கூடாது, திரைச்சீலையாகக்கூடத் தொங்கவிடக் கூடாது!

அந்த நெசவாளர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டுரிமைகூட இல்லை. ஆனாலும் கோபம் சட்டமானது. இன்றைக்கு ஓஹையோவிலும் மிச்சிகனிலும் ஓட்டுப்பெட்டி வழியாக வருகிற கோபத்துக்கு இவர்தான் கொள்ளுத் தாத்தா.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. அந்தத் தடைச் சுவருக்குள்ளே இங்கிலாந்துப் பருத்தித் தொழில் வளர்ந்தது. மிஷின் வந்தது, லங்காஷயர் வந்தது. உலகத்திலேயே மலிவாக நெய்ய முடிந்த பிறகு, "வரி என்பதே பாவம், வியாபாரத்தைச் சுதந்திரமாக விடுங்கள்" என்று நமக்கு உபதேசம் ஆரம்பமானது. 1882-ல் இந்தியாவில் துணிக்கான இறக்குமதி வரியையே எடுத்தார்கள். 1896-ல் சர்க்கார் கஜானாவுக்குக் காசு வேண்டும் என்று வெளித் துணிக்கு மூன்றரை சதவிகிதம் போட்டபோது, லங்காஷயருக்கு வலிக்கக் கூடாது என்று இந்திய மில் துணிக்கும் அதே மூன்றரை சதவிகிதம் போட்டார்கள். ஆற்றைக் கடக்கிற வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ!

★ ★ ★

தீப்பெட்டி சாட்சி

தேரடி, திருவொற்றியூர் தாண்டி விம்கோ நகர். 2021 பிப்ரவரியில் மெட்ரோ இங்கே வந்தது. 'விம்கோ' என்றால் ஏதோ பெரியவர் பெயர் என்று நினைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம். தீப்பெட்டி.

சுதேசிக் கம்பெனி என்று நினைத்தால், இல்லை. ஸ்வீடன்காரர்களுடையது. இவ்வளவு தூரம் ஏன் வந்தார்கள்? வரிக்குப் பயந்து.

1922-ல் வெள்ளைக்கார சர்க்காருக்குப் பணமுடை. இறக்குமதியாகும் தீப்பெட்டிக்கு வரியை ஏற்றி, குரோஸுக்கு ஒன்றரை ரூபாய் ஆக்கினார்கள். ஒரு குரோஸ் என்பது 144 பெட்டி. கடலைத் தாண்டி வரும் தீப்பெட்டியின் விலை எகிறியது. ஸ்வீடன்காரர் யோசித்தார்: சுவருக்கு வெளியே நின்று கத்துவதைவிட உள்ளேயே வீடு கட்டிக்கொண்டால்? 1923-ல் விம்கோ பிறந்தது. திருவொற்றியூரில் அவர்களுடைய ஃபாக்டரி வந்தது, ஒரு ஊருக்கே பேர் கிடைத்தது.

அதே சமயம் சிவகாசியிலிருந்து ஐய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு உறவுக்காரர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அதே சுவர், அதே நிழல், இரண்டு குடித்தனங்கள்! மிஷினில் செய்கிற விம்கோ ஒரு பக்கம், கையில் செய்கிற சிவகாசி இன்னொரு பக்கம். சுதந்திரத்துக்கப்புறம் பெரிய மிஷின்காரனுக்கு அதிக எக்ஸைஸ் வரி, சின்னக் கைத்தொழில்காரனுக்குக் குறைவு என்று சர்க்கார் சுவருக்குள்ளேயே இன்னொரு குட்டிச் சுவர் கட்டியது. கடைசியில் ஜெயித்தது சிவகாசி.

இப்போது வாத்தியார் மந்திரம். வரவுப் பக்கத்தில் யார்? ஃபாக்டரிக்காரர், தொழிலாளி, வானம் பார்த்த பூமியில் பிழைப்பு கிடைத்த சிவகாசி. பற்றுப் பக்கத்தில்? விலை கூடின தீப்பெட்டியை வாங்கி அடுப்பு பற்றவைத்த அம்மாமார்கள் எல்லோரும். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் குச்சி அடுக்கின சின்ன விரல்களும் அதே பக்கத்தில்தான். அந்த விரல்களுக்கு எந்தக் கணக்குப் பிள்ளையும் ரசீது கொடுக்கவில்லை.

★ ★ ★

புல்லட்டும் ஹார்லியும்

திருவொற்றியூரில் எந்தப் பெரியவரிடமும் 'என்ஃபீல்டு' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' ஆரம்பித்தார்கள். ராணுவத்துக்கும் போலீஸுக்கும் புல்லட் போனது.

அப்போது நம் நாட்டைச் சுற்றி இருந்த சுவர் சாதாரணச் சுவரா? செஞ்சிக் கோட்டை! இறக்குமதி லைசென்ஸ், உற்பத்திக்கு பர்மிட் என்று ஏழு சுற்று. போட்டியே கிடையாது. விளைவு? புல்லட்காரர்களுக்கு மாறவேண்டிய அவசியமே வரவில்லை. உலகமெல்லாம் கியர் இடது காலுக்கு மாறிய பிறகும் நம் புல்லட்டில் வலது காலில். ஸ்டார்ட் செய்வதற்கு ஆம்பியர் முள்ளைப் பார்த்து, கம்ப்ரஷன் லீவரை அமுக்கி, குலதெய்வத்தை வேண்டி ஓர் உதை. சமயத்தில் அது திருப்பி உதைக்கும்.

ஆனால் கதையில் ஒரு திருப்பம். தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் ஜப்பான் பைக்குகளோடு போட்டி போட முடியாமல் 1970-ல் கடையைக் கட்டியது. சுவருக்குள்ளே இருந்த திருவொற்றியூர்ப் பிள்ளை பிழைத்தது. 1977-ல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது! ஆனால் எண்பதுகளில் ஜப்பான் கூட்டில் நூறு சி.சி. பைக்குகள் நம் ரோட்டுக்கு வந்ததும் இதற்கும் மூச்சு வாங்கியது. தொண்ணூறுகளில் ஐஷர் கைக்குப் போனது. போட்டி வந்த பிறகுதான் எஞ்சினை மாற்றினார்கள், கியரை இடம் மாற்றினார்கள். 2013-ல் ஒரகடத்தில் பெரிய ஃபாக்டரி. 2017-ல் இங்கிலாந்திலேயே டிசைன் சென்டர். காப்பாற்றியது சுவர். ஆளாக்கியது போட்டி.

அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. 1983-ல் ஜப்பான் பைக்குகள் ஹார்லி டேவிட்சனை நசுக்கின. ரீகன் ஒரு காரியம் செய்தார். 700 சி.சி.க்கு மேற்பட்ட வெளிநாட்டு பைக்குக்கு வரியை 4.4-லிருந்து 49.4 சதவிகிதமாக உயர்த்தினார். ஐந்து வருஷத்தில் படிப்படியாகக் குறையும் என்று கெடு. ஜப்பான்காரன் லேசுப்பட்டவனா? 700-க்குக் கொஞ்சம் கீழே எஞ்சின் செய்து அனுப்பினான்! ஹார்லியும் சும்மா இருக்கவில்லை. தொழிற்சாலையைச் சீர் செய்து, 1987-ல் "எங்களுக்கு இனிமேல் இந்த வரி வேண்டாம்" என்று தானே போய்ச் சொன்னது. கைக்கட்டை வைத்து நடந்த நோயாளி அதை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த மாதிரி.

அந்த ஹார்லிதான் பிற்பாடு இந்தியா மீது டிரம்புக்கு வந்த கோபத்தின் சின்னம். "நம் மோட்டார் சைக்கிளுக்கு அவர்கள் இவ்வளவு வரி போடுகிறார்கள்" என்று மேடைக்கு மேடை பேசினார். பொய்யும் இல்லை. 2018 பிப்ரவரி வரை பெரிய பைக்குகளுக்கு நாம் 75 சதவிகிதம் வாங்கினோம். 50 ஆக்கினோம். 2025 பட்ஜெட்டில் 1600 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்கு 30 ஆக்கினோம். நடுவில் 2018 ஜூனில் டிரம்ப் போட்ட ஸ்டீல் வரிக்குப் பதிலடியாக ஐரோப்பா ஹார்லிக்குக் கூடுதலாக 25 சதவிகிதம் போட, ஹார்லி தன் உற்பத்தியில் ஒரு பகுதியை அமெரிக்காவுக்கு வெளியே கொண்டுபோவதாக அறிவித்தது. யாருக்காகச் சுவர் கட்டினாரோ அவரே சுவரேறிக் குதித்துப் போனார்!

★ ★ ★

வந்துவிட்டது காத்திவாக்கம்

ஸ்டேஷனில் இறங்கினால் கடல் காற்று, டீசல் புகை, கருவாடு மூன்றும் சரிசமமாகக் கலந்த ஒரு வாசனை. 2011 வரை தனி நகராட்சி. இப்போது சென்னை மாநகராட்சியின் முதல் மண்டலத்தில் ஒரு பகுதி. ஒரு காலத்தில் எண்ணூர், துரைமார்கள் காற்று வாங்க வரும் இடமாம். இப்போதும் காற்று வாங்கலாம். ஆனால் என்ன காற்று என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

ஹைரோடில் கன்டெய்னர் லாரிகள் வரிசை. உலக வர்த்தகம் என்று புத்தகத்தில் போடுவார்களே, அதை நேரில் பார்க்கவேண்டும் என்றால் இதுதான். டிரைவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரி நிழலில் சோறு தின்றுகொண்டிருக்கிறார். வர்த்தகம் சுதந்திரமா இல்லையா என்பது இருக்கட்டும், நகர்ந்தால் போதும் என்று அவர் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது.

அதே ரோட்டில் அசோக் லேலண்ட். 1948-ல் நேருவின் யோசனைப்படி ரகுநந்தன் சரண் ஆரம்பித்த 'அசோக் மோட்டார்ஸ்'. முதலில் ஆஸ்டின் கார் பூட்டினார்கள். பிறகு பிரிட்டிஷ் லேலண்ட் கூட்டு. 1955-ல் அசோக் லேலண்ட் என்று பேர். அப்போதைய சர்க்கார் கொள்கை சுருக்கமாக இதுதான்: வெறுமனே பூட்டித் தருகிறவன் கிளம்பலாம், இங்கேயே பாகங்கள் செய்கிறவன் தங்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் மூட்டையைக் கட்டியது. லேலண்ட் தங்கியது. தாய்க் கம்பெனி திவாலாகும் நிலைக்குப் போய் 1975-ல் பிரிட்டிஷ் அரசு கையில் விழுந்தது. பிள்ளை காத்திவாக்கத்தில் பஸ்ஸும் லாரியும் செய்துகொண்டே இருந்தது.

லீட்ஸ் நகரில் லேலண்ட் மூடிய ஒரு பஸ் கூடத்தை அங்கே வேலை பார்த்தவர்களே 1985-ல் மறுபடி திறந்தார்கள். ஆப்டேர் என்று பேர் வைத்தார்கள். 2012-ல் அந்த ஆப்டேரின் பெரும்பங்கை வாங்கியது யார்? நம்ம அசோக் லேலண்ட்! பேரன் பாட்டி வீட்டை விலைக்கு வாங்கின கதை.

டீக்கடையில் ஒரு பெரியவர். லேலண்டில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். "தம்பி, அந்தக் காலத்துல லேலண்ட்ல வேலைன்னா பொண்ணு குடுக்க க்யூல நிப்பாங்க. ரெண்டு பசங்களைப் படிக்க வச்சேன். வீடு கட்னேன்" என்றார். பிறகு, "இப்ப என் பேரன் காண்டிராக்ட்ல இருக்கான். வேற ஒரு கம்பெனில. நாளைக்கு வரச் சொல்வானா மாட்டானான்னு நைட்டு போன் வந்தாத்தான் தெரியும்" என்றார்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருப்பதுதான் மிச்சிகன் ஓட்டரின் கோபமும். தாத்தாவுக்குக் கிடைத்தது பேரனுக்கு ஏன் இல்லை என்ற கோபம்.

★ ★ ★

அக்கா சொன்ன கணக்கு

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் பக்கத்தில்தான். கூடையில் இறால் வைத்திருந்த ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அக்கா, அமெரிக்காக்காரன் இறாலுக்கு வரி போட்டானே, உங்களுக்குத் தெரியுமா?"

"டிவில சொன்னான்."

"உங்களுக்கு என்ன பாதிப்பு? உங்க இறால் அமெரிக்காவுக்குப் போறதில்லையே?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா தம்பி, படிச்ச பையன் மாதிரி இருக்கே. நெல்லூர்ப் பக்கத்துக் குளத்து இறால் கப்பல் ஏறலைன்னா அது அங்கியே குந்திகினு இருக்குமா? லாரி ஏறி மெட்ராஸுக்குத்தான் வரும். அவன் அள்ளிக் கொட்டி விப்பான். அப்போ என் கூடையில கீறத யாரு வாங்குவா?"

பி.காம். மூன்று வருஷத்தில் எனக்குச் சொல்லித் தராததை அக்கா முப்பது விநாடியில் முடித்துவிட்டார். அவர் சொல்வது நியாயமான கணக்கு. நாம் ஏற்றுமதி செய்யும் இறாலில் பெரும்பங்கு வன்னாமி. லத்தீன் அமெரிக்கக் கரையின் இறால். 2009 முதல் நம் நாட்டுக் குளங்களில் வளர்க்க அனுமதி. ஆந்திராதான் முன்னணி. வாங்குவதில் முதலிடம் அமெரிக்கா. அங்கே சாப்பிடும் இறாலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு.

இந்தச் சண்டை 2025-ல் ஆரம்பித்ததும் இல்லை. லூசியானா, டெக்சஸ் பக்கத்து இறால் படகுக்காரர்கள் 2003 டிசம்பர் கடைசி நாளில் மனு போட்டார்கள். இந்தியா, தாய்லாந்து, வியட்நாம் உட்பட ஆறு நாடுகள் அடிமாட்டு விலைக்குக் கொட்டுகின்றன என்று புகார். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி நம் கரையை வாரிச் சுருட்டியது. 2005 பிப்ரவரி 1-ல் வரி ஆணை வந்தது. பெரும்பாலான இந்தியக் கம்பெனிகளுக்குப் பத்து சதவிகிதத்துக்குக் கொஞ்சம் மேல். சுனாமியை முன்னிட்டு மறுபடி பரிசீலித்தார்கள். பரிசீலித்துவிட்டு, வரி தொடரட்டும் என்றார்கள்.

அடுத்த கேள்வி கேட்டேன். "அப்போ அமெரிக்காக்காரன் மேல உங்களுக்குக் கோவமா?"

"அவன் மேல இன்னா கோவம்? அவனும் கடல்ல போறவன்தானே. அவனுக்கு வெல கெடைக்கல, கத்தறான். எனக்கு இங்க இறாலே கெடைக்கல" என்று ஆற்றின் பக்கம் கையைக் காட்டினார்.

கை காட்டின பக்கம் இருந்த சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுயசார்பு என்று சொன்ன காலத்தில் இங்கே உரத் தொழிற்சாலை வந்தது. 1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம் வந்தது, 2017-ல் மூடினார்கள். உலகமயம் என்று சொன்ன காலத்தில் 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது, 2014-ல் காமராஜர் துறைமுகம் என்று பேர் மாறியது. வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் கழிமுகத்தில் படிந்து, பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து ஆற்றில், வலையில், படகில் அப்பியது. அதே மாதம் 26-ந் தேதி ராத்திரி கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் ஜனங்கள் கைக்குழந்தைகளோடு இருட்டில் ஓடினார்கள்.

கவனித்தீர்களா? சுவர் இருந்த காலத்திலும் அக்காவின் ஆறுதான் இடம் கொடுத்தது. சுவரை இடித்த காலத்திலும் அக்காவின் ஆறுதான் இடம் கொடுத்தது.

★ ★ ★

கோபம் நிஜம், மருந்து?

அமெரிக்க ஓட்டரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அவருடைய கோபம் பொய்யில்லை. 1992-லேயே ராஸ் பெரோ என்ற கோடீஸ்வரர், மெக்ஸிகோவோடு வரியில்லா ஒப்பந்தம் போட்டால் வேலையெல்லாம் தெற்கே உறிஞ்சப்படும் என்று சொல்லிச் சுயேச்சையாக நின்று, நூற்றுக்குப் பத்தொன்பது ஓட்டு வாங்கினார். ஆனாலும் 1994-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. அடுத்த பத்து வருஷத்தில் சீனச் சரக்கால் அமெரிக்காவில் சுமார் இருபது லட்சம் வேலைகள் போயின என்று பொருளாதார நிபுணர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மலிவு டிவி நாடு பூராவுக்கும் கிடைத்தது. பூட்டு சில ஊர்களுக்கு மட்டும் கிடைத்தது. 2016-ல் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து எண்பதாயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் டிரம்ப் ஜனாதிபதி ஆனார். நம்மூரில் ஒரு எம்.எல்.ஏ. தொகுதியிலேயே அவ்வளவு வித்தியாசம் வருவதுண்டு!

நோய் நிஜம். மருந்துதான் சந்தேகம். முதலில் ஒரு விஷயம்: வரியைக் கட்டுவது இந்தியா இல்லை. சரக்கை இறக்குகிற அமெரிக்கக் கம்பெனி கட்டுகிறது. பிறகு அதில் எவ்வளவை நம் ஏற்றுமதியாளர் தலையில், எவ்வளவை அங்கத்து வாடிக்கையாளர் தலையில் கட்டுவது என்று பேரம் நடக்கும். 2018-ல் வாஷிங் மெஷினுக்கு வரி போட்டார்கள். மெஷின் விலை 12 சதவிகிதம் போல ஏறியது. வரியே போடாத துணி உலர்த்தும் மெஷினும் ஜோடியாக விற்கிறது என்பதால் அதுவும் ஏறியது! சுமார் 1,800 பேருக்கு வேலை கிடைத்தது. ஆராய்ந்தவர்கள் வகுத்துப் பார்த்தார்கள்: ஒவ்வொரு வேலைக்கும் ஜனங்கள் கூடுதலாகக் கொடுத்தது 8 லட்சத்துப் பதினைந்தாயிரம் டாலர். அந்த ஆளை வீட்டில் உட்கார வைத்துப் பத்து வருஷ சம்பளத்தை மணியார்டரில் அனுப்பியிருந்தாலும் மிச்சம்.

சரி, அப்படி ஏன் அனுப்பவில்லை? இதுதான் நான் காத்திவாக்கத்திலிருந்து கொண்டுவந்த கேள்வி. சுதந்திர வர்த்தகத்தை ஆதரிப்பவர்களின் மூல வாதமே என்ன? லாபம் அடைகிறவர்களுக்குக் கிடைப்பது நஷ்டப்படுகிறவர்கள் இழப்பதைவிட அதிகம். அதனால் அதிலிருந்து எடுத்து இவர்களுக்கு ஈடு கட்டிவிடலாம், எல்லோரும் சந்தோஷம். அழகான வாதம். கட்டினார்களா? அமெரிக்காவில் கென்னடி 1962-ல் அதற்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தார். இறக்குமதியால் வேலை போனவனுக்குப் பயிற்சி, உதவித்தொகை. எப்போதும் அரைகுறையாகவே பணம் கொடுத்தார்கள். 2022 ஜூலையோடு புது மனு வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். ஈடு கட்டாத நஷ்டம் காணாமல் போய்விடாது. ஓட்டுச்சாவடியில் வரிசையில் நிற்கும். சுவர் கட்டுகிறேன் என்று முதலில் வருகிறவருக்குப் போய்ச் சேரும்.

இங்கேயும் அதே கதைதான். அங்கே தேர்தல் வந்தால் வரிச்சுவர் வாக்குறுதி. இங்கே தேர்தல் வந்தால் தூண்டில் வளைவு, நிவாரணத் தொகை, கமிட்டி. எண்ணெய் வந்தால் ஒரு தொகை, புயல் வந்தால் ஒரு தொகை. ஆறு போனதற்கு? அதற்கு எந்தப் பேரேட்டிலும் தலைப்பே இல்லை.

கணக்குப் படித்தவர்களுக்குத் தெரியும். வருஷக் கடைசியில் பற்றும் வரவும் ஒத்துவராவிட்டால், வித்தியாசத்தைத் தூக்கி 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்றில் போட்டுவிடுவோம். யார் கணக்கு, என்ன தொகை என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. தற்காலிக ஏற்பாடுதான். ஆனால் சில கம்பெனிகளில் அது வருஷக்கணக்காக அப்படியே கிடக்கும், ஆடிட்டரும் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார்.

லூசியானா படகுக்காரர், மிச்சிகன் பேரன், டீக்கடைப் பெரியவரின் பேரன், கூடைக்கார அக்கா எல்லோரும் உலக வர்த்தகத்தின் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் இருக்கிறார்கள். சுவர் எழுப்பினாலும் இடித்தாலும் ஐந்தொகை அழகாக ஒத்துப்போகிறது, இவர்களை அதில் தள்ளிவிட்டதால். அமெரிக்காவில் அந்த அக்கவுண்ட் ஓட்டுப் போட ஆரம்பித்ததும் உலகமே கிடுகிடுக்கிறது. திருப்பூர் வரை ஆட்டம் தெரிகிறது.

வரி 50 சதவிகிதமா, 25-ஆ, பூஜ்யமா என்று டெல்லியும் வாஷிங்டனும் பேசட்டும். பேசி முடித்துக் கையெழுத்துப் போடும்போது ஒரு வரி சேர்த்து எழுதினால் தேவலை: இதில் நஷ்டப்படுகிறவர் யார், அவருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள்?

அக்காவிடம் கால் கிலோ இறால் வாங்கினேன். பேரம் பேசவில்லை. (பேசியிருந்தாலும் ஜெயித்திருக்க மாட்டேன்.) "எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பொரிக்கச் சொல்லு வூட்ல" என்று இலவச ஆலோசனையும் தந்தார். அதற்கு வரி கிடையாது.